நாக்கில் கடிக்காத கம்பி

எங்க ஓடைக்கரைச் சுடலைமாடன் மேல் ஆணை தம்பி, நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. உரக்கவே சொல்கிறேன், டிரைவருக்கும் கேட்கட்டும். பொய் சொன்னால் இந்த பஸ் ஊர் போய்ச் சேருமுன்னே என் நாக்கு புழுத்துப் போகட்டும். அந்தக் கண்டக்டர் சிரிக்கிறான் பாருங்க. அவன் அப்பனும் இப்படித்தான், எதைச் சொன்னாலும் சிரிப்பான். விளங்காத குடும்பம்.

வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேனே, கல்யாணத்துக்கா என்று கேட்கிறீங்க. கல்யாணத்தைவிட நல்ல காரியம். கொம்புவிளை டெலிபோன் ஆபீஸில் இன்றைக்கு விசாரணை. எப்சிபா என்று ஒரு சின்ன இன்ஜினியர், எங்க ஊர்ப் பிள்ளைதான். அப்பன் செத்தபிறகு அம்மாக்காரி பீடி சுற்றிப் படிக்க வைத்தாள். கிடைத்த வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அவளை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு பண்ண மெட்ராஸிலிருந்து எவனோ ஒரு அதிகாரி வருகிறானாம். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவான்? விவரம் தெரிந்தவனைக் கூப்பிட்டால் இவனுகள் விவரம் என்ன என்று வெளியே வந்துவிடுமே. நானாகவே போகிறேன். அவள் அழுதுகொண்டு வெளியே வருவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, கிளப்புக் கடையில் ஒரு ரவாதோசை தின்றுவிட்டுத் திரும்புவேன்.

நான் யார் என்றா கேட்டீங்க? லைன்மேன் பரமார்த்தலிங்கம் என்றால் இந்தப் பக்கத்தில் காக்காய்க்கும் தெரியும். கம்பத்து உச்சியில் காக்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ற ஒரே மனுஷன் நான். ஒரு புயலில் கம்பி அறுந்து தொங்கியது. சேர்த்துக் கட்டக் கம்பி இல்லை. என்ன செய்வேன்? இந்த முனையை ஒரு கையில் பிடித்தேன், அந்த முனையை மறு கையில் பிடித்தேன். பேச்சு என் உடம்பு வழியாகப் போயிற்று. கொம்புவிளை அம்மாக்காரி ஒருத்தி பம்பாயில் இருந்த மகனைத் திட்டிய திட்டு பூராவும் என் நெஞ்சுக்குள் ஓடியது. அவன் திருப்பிச் சொன்ன பொய்யும் ஓடியது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என் நெஞ்சு அடிக்கிற சத்தமே 'அலோ, அலோ' என்றுதான் கேட்கும். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, ராங் நம்பர் என்று எழுந்து போய்விட்டார்.

அது படிப்பு தம்பி. எங்களுக்கு மீட்டரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கம்பியில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்போம்? ரெண்டு முனையையும் பல்லால் சீவி நாக்கில் வைப்போம். உயிர் இருந்தால் சுருக்கென்று கடிக்கும், புளிக்கும். கடிக்கவில்லை என்றால் அது செத்த கம்பி, கழற்றி எறி. இந்த நாக்கு வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு தடவைகூடத் தப்புச் சொன்னது கிடையாது.

இவள் வந்தாள், கம்பிக்குப் பதிலாக வெளிச்சத்தில் பேச்சைக் கொண்டுபோகிற கண்ணாடி நூலைத் தூக்கிக்கொண்டு. பால் சொசைட்டி வாசலில் ஊரைக் கூட்டித் தரையில் சாக்பீஸால் பெரிசாக ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தில் ஒரு புள்ளி கொம்புவிளை ஆபீஸ், மற்றப் புள்ளிகள் சுற்றியுள்ள ஆறு ஊர். ஆபீஸில் கிளம்புகிற நூல் வடக்கே ஓடைக்கரையைத் தொட்டு, ஊர் ஊராகப் போய், கடைக்கோடி மணற்குண்டைச் சுற்றிக்கொண்டு, தெற்கு வழியாக மறுபடி ஆபீஸுக்கே வந்துவிடுமாம். கிளம்பின இடத்துக்கே எதுக்குட்டி திரும்பி வருது, குடையை மறந்து வச்சிட்டு வந்துட்டுதா என்று கேட்டேன். சனம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"தாத்தா, உங்க காலத்துக் கம்பி ஒத்தையாப் போகும். நடுவுல அறுந்தா அதுக்கு அங்கிட்டு உள்ள ஊரெல்லாம் ஊமை. இது வட்டம். ஒரு பக்கம் அறுந்தா பேச்சு மறுபக்கமாத் திரும்பிப் போயிரும். நீங்க கண்ணு சிமிட்டி முடிக்கதுக்குள்ள."

அறுந்ததை அதற்கு யார் ஓடிப்போய்ச் சொல்வார் என்றேன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெட்டி இருக்கிறதாம். அது பக்கத்துப் பெட்டியை ஓயாமல் 'இருக்கியா, இருக்கியா' என்று கேட்டுக்கொண்டே இருக்குமாம். பதில் வரவில்லை என்றால் உடனே மற்றப் பெட்டிகளுக்குத் தாக்கல் சொல்லி வழியை மாற்றிவிடுமாம். புதுசாகக் கல்யாணம் ஆனவன் வேலைக்குப் போன இடத்திலிருந்து போன் பண்ணுவானே, அந்தக் கதைதான். வேலை வெட்டி இல்லாத பெட்டி.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. அந்த வட்டத்தில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே கதவை அடைத்து வைத்திருப்பாளாம். அடைக்காவிட்டால் அனுப்பினதெல்லாம் வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து, குட்டி போட்டுப் பெருகி, எல்லாம் மூச்சுமுட்டி நின்றுபோகுமாம். எங்காவது அறுந்தால் மட்டும் கதவு தானாகத் திறக்குமாம். ரோடு போடுவாளாம், போட்ட ரோட்டை அவளே முள் வெட்டி அடைப்பாளாம். இதைத்தான் காலேஜில் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்ன, உங்களுக்கும் சிரிப்பு வருகிறதா? நீங்கள் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறீங்க, அவளை நினைத்துச் சிரிங்க.

அவள் திமிரைச் சொல்கிறேன். பள்ளம் தோண்டின காண்டிராக்டர் மாசானம் தங்கமான மனுஷன். ஆபீஸிலிருந்து கிளம்பிக் கொம்புவிளையைத் தாண்டுகிற வரைக்கும் வடக்கு நூலும் தெற்கு நூலும் ஒரே ரோட்டில்தானே வருகிறது, ஒரே பள்ளத்தில் ரெண்டையும் போட்டு மூடிவிடுவோம், பாதி வேலை மிச்சம் என்றான். நியாயம்தானே. இவள் முடியாது என்றாள். ஒரே ஜே.சி.பி. ஒரே வாரலில் ரெண்டையும் கொண்டுபோயிரும், பிறகு வட்டமாவது மண்ணாவது என்று சொல்லிப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். உச்சி வெயிலில், சுடிதாரோடு, ஒரு பொம்பிளைப் பிள்ளை. மாசானம் கெஞ்சிப் பார்த்தான், மேலதிகாரிக்குப் போன் போட்டுப் பார்த்தான். அவள் எழும்பவில்லை. கடைசியில் வடக்கு நூலை அந்த ரோட்டிலிருந்து பிரித்துக் கால்வாய்க் கரையோடு கொண்டுபோனான்.

கால்வாய்க் கரை யாருடையது? புறம்போக்குத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் நிற்கிற முருங்கை யாருடையது? வாழை யாருடையது? என் வீட்டுக் கொல்லையை ஒட்டி நான் வைத்தது. அவள் வந்து, தாத்தா மரத்துக்கு ஒண்ணும் வராம ஒதுங்கித் தோண்டிக்கிடுதோம் என்று நைச்சியம் பேசித் தோண்டினாள். ஆரஞ்சு கலரில் ஒரு குழாயைப் புதைத்தாள். புதைத்த இடத்தில் 'தோண்டாதீர்கள்' என்று எழுதி நடுகல் மாதிரி ஒரு கல்லை வேறு நட்டுவிட்டுப் போனாள். என் முருங்கைக்குக் கீழே எனக்கே உத்தரவு.

அந்தக் கல்லா? நல்ல கல். பெயர்த்துக் கிணற்றடியில் போட்டுவிட்டேன். எங்க வீட்டுக்காரி செண்பகவடிவு அதில்தான் துணி துவைக்கிறாள். எழுத்து உள்ள பக்கம் கீழே கிடக்கிறது, துணிக்கு ஒன்றும் ஆகாது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன், கிட்ட வாங்க. அவளுடைய குட்டை உடைத்தவன் நான். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், முருங்கைக்கொம்பு ஒன்று நட்டு வைப்போம் என்று கடப்பாரையைப் போட்டேன். கல் இருந்த இடத்தில் மண் இளக்கமாக இருந்தது. ரெண்டு போடு போட்டதும் ஆரஞ்சுக் குழாய். எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். பூமிக்குள் புதைத்துவிட்டு உள்ளே மனுஷன் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுகிறது என்கிறாளே, எவன் பார்த்தான்? அரிவாளால் குழாயைப் பிளந்தேன். உள்ளே கறுப்பாக ஒரு கயிறு. அதையும் ஒரு போடு. உள்ளே தலைமயிர் கனத்தில் கலர் கலராக நூல். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சமா? ஒரு மின்மினி வெளிச்சம்கூட இல்லை. காதில் வைத்தேன், இரைச்சல் இல்லை. கடைசியில் நம்ம வித்தை, நாக்கில் வைத்தேன். இந்த முனையும் வைத்தேன், அந்த முனையும் வைத்தேன். எச்சிலைக் கூட்டி வைத்தேன். கடிக்கவில்லை தம்பி. சுருக்கென்றுகூட இல்லை. சவம், பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது.

புரிகிறதா? செத்த கயிறு. செத்த கயிற்றைப் பூமிக்குள் புதைத்துவிட்டு வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம், வட்டம் என்று ஆறு ஊரையும் ஏமாற்றியிருக்கிறாள். காலேஜ் படித்த களவாணி. இதைக் கண்டுபிடிக்க மெட்ராஸ் அதிகாரி வேண்டுமா? இந்த நாக்கு போதாதா?

கயிற்றை வீணாக விடுவானேன் என்று ஒரு பாகம் உருவி வெட்டி எடுத்தேன். வெயிலுக்கும் மழைக்கும் இற்றுப்போகாத சாமான். வேம்புக்கும் கிணற்றுக் கல்லுக்கும் இழுத்துக் கட்டினேன், செண்பகவடிவுக்குத் துணி காயப்போட. குழாய் வாழைக்குத் தண்ணீர் விட ஆயிற்று. பள்ளத்தை மூடி முருங்கையை நட்டுவிட்டேன். துளிர்கூட விட்டாயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே வந்தாள் எப்சிபா. முகமெல்லாம் செம்மண் தூசி. ஆபீஸிலிருந்து கால்வாய்க் கரையோடு நடந்தே வந்திருக்கிறாள். கையில் ஒரு பெட்டி. நூலுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, அது எங்கே முட்டித் திரும்புகிறது என்று பார்த்து, இத்தனை தூரத்தில் அறுந்திருக்கிறது என்று அந்தப் பெட்டி சொல்லுமாம். கிளி ஜோசியக்காரன் தோற்றான். வடக்குப் பக்கம் மத்தியானத்திலிருந்து இல்லையாம், பெட்டி எங்க வீட்டுப் பக்கத்தைக் காட்டுகிறதாம்.

"தாத்தா, இந்தப் பக்கம் யாராவது தோண்டினாங்களா? ஜே.சி.பி. ஏதும் வந்துதா?"

வரவில்லை என்றேன். வந்ததா என்ன? நான் ஜே.சி.பி.யா? கடப்பாரையால் மரம் நடுகிறவனைத் தோண்டுகிறவன் என்று யாராவது சொல்வார்களா? கரையில் அங்கேயும் இங்கேயும் கல்லைத் தேடினாள். காணவில்லை. பாவம் என்று செண்பகவடிவு உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். கொடியில் காய்ந்த சேலை நிழலில் உட்கார்ந்து குடித்தாள். குடித்துவிட்டு, நாளைக்கு விழா, நான் சார்கிட்டச் சொல்லித் தள்ளிப்போடச் சொல்லுதேன் ஆச்சி என்று சொல்லிவிட்டு, மறுபடி கரையைப் பார்த்துக்கொண்டே போனாள். அப்போதே அவளுக்கு உதறல். குட்டு வெளிப்பட்டுவிடுமே.

விழாவுக்கு வருகிறேன். கோட்ட அதிகாரி சித்திரபுத்திரன் என்று ஒருத்தர். தொப்பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே ஆள் இருக்கமாட்டார். அவருக்கு ஒரு யோசனை. எல்லாரும் ரிப்பன் வெட்டுகிறான், நாம் கேபிளையே வெட்டுவோம் என்றாராம். கொம்புவிளைக் கல்யாண மண்டபத்தில் பெரிய திரை. திரையில் மணற்குண்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடுகிறார்கள், அங்கே பாடுவது இங்கே தெரிகிறது. மேடையில் தெற்குப் பக்கத்துக் கேபிளை வெளியே இழுத்து மேஜைமேல் கிடத்தி, பூச்சரம் சுற்றி, பொட்டு வைத்திருந்தார்கள். அதை வெட்டினாலும் பாட்டு நிற்காது, அதுதான் வட்டத்தின் மகிமை என்று மைக்கில் அளந்தார்.

நான் வடைக்காக மேடைப் பக்கம் ஒதுங்கி நின்றேன், அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது. இவள் ஓடி வந்தாள். நேற்று ராத்திரியே போனில் சொன்னேனே சார் என்றாள். அவர், நீ சொன்னேம்மா, சொன்னே, அதுக்கென்ன இப்போ என்றார்.

"சார், வடக்குப் பக்கம் ஏற்கெனவே செத்துக் கிடக்கு. வட்டம் ஒத்தைக்கால்ல நிக்கி. இதையும் வெட்டுனா ஆறு ஊருக்கும் ஒண்ணும் மிஞ்சாது. ஒரே ஒரு நாள் குடுங்க, கண்டுபிடிச்சு ஒட்டிருதேன்."

அவர் திரையைக் காட்டினார். "ஏம்மா, எல்லாம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. ஓடுறதைப் போயி செத்துதுங்கிறே."

"ஒத்தைக்கால்லயும் ஓடும் சார். அதுக்குத்தானே வட்டம் போட்டோம். அதனாலதான் வெளிய தெரியலை."

பாருங்க, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதை. செத்தாலும் ஓடும், அறுந்தாலும் தெரியாது, இதெல்லாம் ஒரு பேச்சா? கத்தரிக்கோலுக்கும் கேபிளுக்கும் நடுவில் கையை வைத்து மறித்தாள். அவர் அவள் கையைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே விழாவுக்கு வந்த பெரிய விருந்தாளி கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார். வெட்டினார்கள்.

திரையில் ஒரு சிறுமி 'ஆ' என்று வாயைத் திறந்தவள் மூடவில்லை. அப்படியே நின்றாள். பிறகு அவளும் இல்லை, கறுப்பு. மண்டபத்தில் கைதட்டினவன் பாதியில் நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் ரேஷன் கடையில் விரல் வைக்க முடியவில்லை, பேங்கில் பணம் எடுக்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட முடியவில்லை என்று ஆறு ஊரிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் வடை புரையேறிவிட்டது. என் நாக்கு சொன்னது சரியாகப் போயிற்றா இல்லையா?

அவளே தரையில் உட்கார்ந்து, வெட்டினதை நூல் நூலாக ஒட்டினாள். பூச்சரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஒட்டினாள். இருட்டுமுன்னே எல்லா ஊரும் பேசிவிட்டது. ஒட்டி முடித்ததும் சித்திரபுத்திரன் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை சரியில்லை, பொய்யான வட்டம் போட்டுத் துறைக்கு அவமானம் உண்டாக்கினாள் என்று மேலே எழுதிவிட்டாராம். வடக்குப் பக்கத்தை அதற்குப் பிறகு ஒருத்தனும் போய்ப் பார்க்கவில்லை. எல்லாம் ஓடுகிறதே, எதற்குப் பார்க்க வேண்டும்? வடக்கு என்று ஒன்று இருந்தால்தானே பார்க்க.

அம்மாக்காரி வீட்டில் பழையபடி பீடி இலை வெட்டுகிறாள், இவளும் கூட உட்கார்ந்து சுற்றுகிறாள். இன்றைக்கு அந்த அதிகாரி எழுதுகிற எழுத்தில்தான் இருக்கிறது. வேலை போயிற்று என்றால் வேறெங்கும் இந்த வேலைக்குச் சேர்க்கமாட்டார்களாம். போகட்டும். ஒரு கம்பத்தில் ஏறத் தெரியாதவளுக்கு எதற்கு டெலிபோன்?

என்ன தம்பி, ஏதோ கேட்க வாயெடுக்கிறீங்களே? கேளுங்க. குழாயா? ஆரஞ்சுதான், சொன்னேனே. கறுப்புக் கயிற்றில் எழுத்தா? ஆமாம், வெள்ளை எழுத்து, முழத்துக்கு முழம் எழுதி எண் போட்டிருந்தது. கண் தெரிகிறவன் படித்துக்கொள்ளலாம். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம்தான், சந்தேகமே இல்லை. அதே கொடிதான், இன்னும் அங்கேதான் கட்டிக் கிடக்கிறது. கல்லும் கிணற்றடியில்தான். எதற்கு இத்தனை விவரம் கேட்கிறீங்க? நீங்க எங்கே போகிறீங்க என்று கேட்க மறந்துவிட்டேனே.

கொம்புவிளை டெலிபோன் ஆபீஸுக்கா? மெட்ராஸிலிருந்தா?

அடடா. எவனோ என்று சொன்னது உங்களை இல்லை சார், அது பேச்சுவாக்கில் வந்தது. நல்லதாகப் போயிற்று. சுடலைமாடன்தான் உங்களை என் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறான். ஒரு எழுத்து விடாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்க. அந்தப் பிள்ளை செய்த மோசத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எதற்கு எழும்புகிறீங்க சார்? கொம்புவிளை இன்னும் வரவில்லை, இது கடம்பன்விளை விலக்கு. இங்கே இறங்கி என்ன செய்யப்போறீங்க? எதிரே வருகிற பஸ்ஸா? அது ஓடைக்கரைக்கல்லவா போகிறது. ஓ, நேரிலேயே பார்க்கப்போறீங்களா. பாருங்க, பாருங்க, பார்த்துவிட்டு வந்து கேட்டால்தான் அவளுக்கு வாயடைக்கும். கால்வாய் திரும்புகிற இடத்தில் ஓட்டு வீடு, புது முருங்கை ஒன்று துளிர்த்து நிற்கும். நான் முன்னாலே போய் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். எப்சிபா வந்திருப்பாள், அதிகாரி வந்துகொண்டிருக்கிறார், உன் வேலையைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருகிறார் என்று சொல்லிவைக்கிறேன். நடுங்கட்டும்.

ஒன்றே ஒன்று சார், படியில் பார்த்து இறங்குங்க. வீட்டில் செண்பகவடிவு இருப்பாள், மோர் கேட்டால் கொடுப்பாள். அவளுக்கு அந்தப் பிள்ளை என்றால் உயிர். அதுக்கு வேலை போனதிலிருந்து இவள் சரியாகச் சோறுகூடப் பொங்குவதில்லை. அதனால் எதை வேண்டுமானாலும் பாருங்க, எதை வேண்டுமானாலும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போங்க. இதெல்லாம் யார் சொன்னது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீங்க.